மோதிலால் ஓஸ்வால் நாஸ்டாக் 100 இடிஎஃப்: சரக்கு நல்லது, விலைதான் விசாரிக்க வேண்டியது

அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகளை டாலர் அனுப்பாமல், ரூபாயிலேயே, நம் டீமேட் கணக்கிலேயே வாங்கி வைக்க விரும்புவோருக்கு இருக்கும் வழிகளுள் மிகப் பழையது மோதிலால் ஓஸ்வால் நாஸ்டாக் 100 இடிஎஃப், அதாவது ஒரு பங்கைப்போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய குறியீட்டு நிதி. 2011 மார்ச்சில் தொடங்கப்பட்ட இந்த நிதி, தேசியப் பங்குச்சந்தையில் மோன்100 என்னும் பெயரில் வணிகமாகிறது. தனிநபர் முதலீட்டுத் தொகுப்பில் வளர்ச்சிப் பங்குகளுக்கென்று ஒதுக்கும் பகுதிக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே இருக்கும் சரக்கில் குறை காண்பது கடினம், ஆனால் அந்தச் சரக்கின் மதிப்பும் சந்தையில் நாம் கொடுக்கும் விலையும் ஒன்றல்ல என்பதை அறியாமல் வாங்குவோர் முதல் நாளிலேயே நட்டத்தோடு தொடங்குகிறார்கள்.

நாஸ்டாக் 100 குறியீடு 1985 ஜனவரியில் உருவானது. நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட, நிதித்துறை சாராத, மிகப் பெரிய 100 நிறுவனங்கள் இதில் இடம்பெறுகின்றன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா, அமேசான், ஆல்ஃபபெட், மெட்டா என்று எதிர்பார்த்த பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. கூடவே மளிகை மொத்த விற்பனையில் பேர்பெற்ற காஸ்ட்கோவும், குளிர்பானமும் நொறுக்குத்தீனியும் விற்கும் பெப்சிகோவும் இருப்பதால், இதைத் தூய தொழில்நுட்பக் குறியீடு என்று சொல்வது சரியாகாது. ஐபிஎம் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருப்பதாலேயே இதற்கு வெளியே நின்றது; ஆரக்கிள் 2013இல் அந்தச் சந்தைக்கு மாறியதால் இதிலிருந்து வெளியேறியது. ஒரு நிறுவனம் எந்தத் தொழிலில் இருக்கிறது என்பதைவிட எந்தச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறது என்பதே இங்கே முதல் தகுதி. 2012 டிசம்பரில் இன்ஃபோசிஸ் தன் அமெரிக்கப் பட்டியலை நாஸ்டாக்கிலிருந்து நியூயார்க் சந்தைக்கு மாற்றியபோது, அந்த ஒரே காரணத்தால் குறியீட்டிலிருந்து விலக நேர்ந்தது; காலியான அந்த இடத்தில் வந்து அமர்ந்தது ஃபேஸ்புக். அந்த மாற்றத்தால் குறியீட்டில் முதலிட்டவர்களுக்கு நேர்ந்த நன்மையைப் பகுப்பாய்வாளர் எவரும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை.

தனித்தனியாகப் பங்குகளைத் தேர்ந்தெடுத்து நிர்வகிப்பவர்களுக்கு இல்லாத வசதி ஒன்றை இந்தக் குறியீடு தருகிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் உறுப்பினர் பட்டியல் திருத்தப்படுகிறது; சந்தை மதிப்பில் சுருங்கிய நிறுவனங்கள் வெளியேற, வளர்ந்தவை உள்ளே வருகின்றன. 2000ஆம் ஆண்டில் இதில் இருந்த வேர்ல்ட்காம் 2002இல் திவாலானது. அந்தப் பங்கைத் தனியே வைத்திருந்தவரின் பணம் அதோடு போயிற்று. குறியீட்டிலோ அது நூற்றில் ஒன்று. மேலும், ஓரிரு நிறுவனங்களே குறியீட்டை விழுங்கிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றும் குறியீட்டில் பெறும் பங்குக்கு, அதாவது எடைக்கு, வரம்புகள் உண்டு. 4.5 சதவீதத்துக்கு மேல் எடையுள்ள நிறுவனங்களின் கூட்டு எடை 48 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் குறைக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டு, 2023 ஜூலையில் வழக்கமான காலத்துக்கு வெளியே ஒரு சிறப்புத் திருத்தமே செய்யப்பட்டது. இருந்தாலும் குறைத்த பிறகு எஞ்சும் எடையும் சிறியதன்று. நூறு நிறுவனங்கள் என்று பெயர் சொன்னாலும், முதல் பத்துக்குள் இருப்பவையே நம் பணத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

வீழ்ச்சியைப் பற்றிப் பேசாமல் இந்தக் குறியீட்டை யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது. 2000 மார்ச்சில் 4,700 புள்ளிகளைத் தொட்ட நாஸ்டாக் 100, 2002 அக்டோபரில் 800 புள்ளிகளை ஒட்டி வந்து நின்றது. ஏறத்தாழ 83 சதவீத இழப்பு. அதை மீட்கக் குறியீடு ஏறத்தாழ ஆறு மடங்காக வேண்டியிருந்தது, பழைய உச்சத்தை மீண்டும் காண 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது போட்ட பணம் அதன் கல்லூரிப் படிப்பு முடியும்வரை அசலுக்கு வரவில்லை என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கால அளவு புரியும். அண்மையில் 2022இல் குறியீடு டாலர் கணக்கில் 33 சதவீதம் விழுந்து, 2023இல் 50 சதவீதத்துக்கு மேல் எழுந்தது. இங்கே இந்திய முதலீட்டாளருக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2022இல் டாலரின் மதிப்பு ஏறக்குறைய 74 ரூபாயிலிருந்து 83 ரூபாயை நெருங்கியதால், ரூபாய்க் கணக்கில் வீழ்ச்சி கால் பங்கு அளவோடு நின்றது. நிதி தொடங்கிய 2011இல் டாலர் 45 ரூபாயாக இருந்தது. 2024 இறுதியில் 85 ரூபாய். பங்குகள் அசையாமல் நின்றிருந்தாலும் ஆண்டுக்கு நான்கு சதவீதத்துக்கு மேல் இந்த மாற்றமே ஈட்டித் தந்திருக்கும். இந்தத் திட்டத்தின் கடந்தகால வருவாயைப் பார்த்து வியப்பவர்கள் அதில் எவ்வளவு ரூபாயின் சரிவால் வந்தது என்பதையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

இனி, இந்தத் திட்டத்தின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர் வரைதான் முதலிடலாம். ஒரு நிதி நிறுவனத்துக்கு 100 கோடி டாலர். 2022 பிப்ரவரியில் மொத்த வரம்பை நெருங்கிவிட்டதால் புதிய பணத்தை வெளிநாட்டில் இடுவதை நிறுத்தும்படி பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பணித்தது. அதே ஆண்டு ஜூனில், பணம் வெளியேறி உண்டான இடைவெளி அளவுக்கு மட்டும் மீண்டும் இட அனுமதித்தது. வழக்கமான இடிஎஃப் ஒன்றில் விலை ஏறினால், மார்க்கெட் மேக்கர் எனப்படும் இடைநிலை வணிகர் நிதி நிறுவனத்திடம் பணம் கட்டிப் புதிய யூனிட்டுகளைப் பெற்றுச் சந்தையில் விற்பார். விலை தானாகவே உள்மதிப்புக்கு, அதாவது யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் மதிப்புக்கு, இறங்கிவிடும். வரம்பு நிரம்பிய நிலையில் புதிய யூனிட் பிறக்க வழியில்லை. இருக்கும் யூனிட்டுகளுக்கே எல்லாரும் போட்டியிடுவதால், விலை உள்மதிப்பைவிட ஏறி நிற்கிறது. இதைத்தான் பிரீமியம் என்கிறோம். இந்த யூனிட்டில் அது பத்து சதவீதத்தைத் தாண்டிய காலங்களும் உண்டு.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். உள்மதிப்பு 100 ரூபாயாக உள்ள யூனிட்டை 112 ரூபாய்க்கு வாங்கினால், பிரீமியம் மறையும் நாளில் குறியீடு ஒரு புள்ளிகூட இறங்காமலேயே நம் பணத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். இந்த நிதியின் ஆண்டுக் கட்டணம் அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. அமெரிக்காவில் இதே குறியீட்டைத் தொடரும் கியூகியூகியூ நிதி நெடுங்காலம் 0.20 சதவீதமே வாங்கிவந்தது. இந்த வேறுபாட்டைக் குறித்து முதலீட்டாளர்கள் விரிவாக விவாதிக்கிறார்கள். ஆனால் 12 ரூபாய் பிரீமியம் என்பது ஏறக்குறைய இருபது ஆண்டுக் கட்டணத்தை ஒரே நாளில் முன்பணமாகக் கட்டுவதற்குச் சமம் என்பதைப் பேசுவோர் குறைவு. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. யூனிட்டை நிதி நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கு வெளிநாட்டு வரம்பு தடையாக இருப்பதில்லை. ஆகவே விலை உள்மதிப்புக்கு வெகுவாகக் கீழே போனால், பெரிய வணிகர்கள் வாங்கித் திருப்பிக் கொடுத்து லாபம் பார்த்துவிடுவார்கள். மேலே கூரை இல்லாத, கீழே தரை மட்டும் உள்ள இந்த அமைப்பு விற்பவருக்குச் சாதகமானது, வாங்குபவருக்குப் பாதகமானது.

விலைக்கும் உள்மதிப்புக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் பிரீமியம் என்று எண்ணிவிடவும் கூடாது. நம் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை இயங்குகிறது. அமெரிக்கச் சந்தை திறப்பதோ நம் நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்கு, குளிர்காலத்தில் 8 மணிக்கு. நாம் வாங்கும் நேரத்தில் அங்கே பங்குகள் உறக்கத்தில் இருக்கின்றன. முந்தைய இரவின் முடிவு விலைகளைக் கொண்டு கணக்கிடும் ஐஎன்ஏவி (வணிக நேரத்தில் காட்டப்படும் உள்மதிப்பு), பகலில் நடக்கும் நாஸ்டாக் ஃபியூச்சர்ஸ் (பின்தேதி ஒப்பந்த) வணிகத்தின் ஏற்ற இறக்கத்தை முழுமையாகக் காட்டாமல் இருக்கலாம். ஒன்று, ஒன்றரை சதவீத வேறுபாட்டுக்கு இது நியாயமான காரணமாக இருக்கக்கூடும். அதற்கு மேல் போனால் ஃபியூச்சர்ஸ் நிலவரத்தையும் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். விலை இடைவெளியும் ஃபியூச்சர்ஸ் நிலவரமும் ஒத்துவராதபோது வாங்காமல் விடுவதே என் வழக்கம்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. இதே நிறுவனம் 2018இல் தொடங்கிய ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் திட்டம் டீமேட் இல்லாதவர்களுக்கு வசதியானது. ஆனால் அது இந்த இடிஎஃப்பையே வாங்குவதால் அதே வரம்புக்கு உட்பட்டது, புதிய பணத்துக்குக் கதவடைத்த காலங்களும் உண்டு. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பி நேரடியாக வாங்கினால் பிரீமியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்னும் வரி முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது, வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டியிருக்கிறது, 60,000 டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துக்கு இறப்புக்குப் பின் அந்நாட்டு எஸ்டேட் வரியும் உண்டு. மாதம் சில ஆயிரம் ரூபாய் இடுபவருக்கு இவ்வளவு எழுத்துவேலை தேவையா என்பது என் ஐயம்.

எவ்வளவு வைத்திருப்பது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் எண் இல்லை. மொத்தத் தொகுப்பில் 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் சொந்த வரம்பு. சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுபவருக்கு அதுவும் மிகை. அவருடைய சம்பளம், பணிப்பங்குகள், அந்தச் சாலையோரம் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் மதிப்பு எல்லாமே ஏற்கெனவே அதே தொழிலின் நலத்தைச் சார்ந்திருக்கின்றன. அந்தத் துறை சரியும் ஆண்டில் வேலையும் முதலீடும் சேர்ந்தே ஆட்டம் காணும். ஆசிரியர்க்கோ அரசு ஊழியர்க்கோ அந்த இடர் இல்லை. அவர்கள் இந்த யூனிட்டுக்குச் சற்று தாராளமாக இடம் கொடுக்கலாம். வேறு திட்டங்களோடு உள்ள ஒன்றுபடலையும் பார்க்க வேண்டும். பராக் பாரிக் ஃப்ளெக்ஸி கேப் போன்ற நிதி ஒன்றை வைத்திருப்பவரிடம் ஆல்ஃபபெட்டும் மைக்ரோசாஃப்டும் அமேசானும் மெட்டாவும் அதன் வழியே முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

பிரீமியம் இருக்கும் சந்தையில் எடையைச் சரிசெய்வது வழக்கத்தைவிட லாபகரமானது. குறியீடு ஏறி, அதன்மேல் பிரீமியமும் ஏறி நிற்கும்போது தொகுப்பில் இதன் பங்கு வரம்பைத் தாண்டினால், மிகையான பகுதியை விற்பவருக்கு உள்மதிப்பைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். வரி மட்டும் குறுக்கே நிற்கிறது. இப்போதைய விதிப்படி 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த இந்த யூனிட்டுகளின் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. அதற்குள் விற்றால் அவரவர் வருமான வரி விகிதம். இந்தியப் பங்கு நிதிகளுக்குக் கிடைக்கும் 1.25 லட்சம் ரூபாய் விலக்கு இதற்குக் கிடையாது. ஆகவே மார்ச் மாதந்தோறும் அந்த விலக்குக்குள் லாபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் உத்தி இங்கே செல்லாது. விற்பதற்கு முன், புதிய மாதச் சேமிப்பை இந்தப் பக்கம் திருப்பாமல் வேறு நிதிகளுக்கு அனுப்பியே எடையைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது சிக்கனம்.

வாங்கும்போதும் விற்கும்போதும் நாமே விலை குறிக்கும் லிமிட் ஆர்டரையே பயன்படுத்த வேண்டும். வணிக அளவு குறைந்த நாள்களில், கிடைத்த விலைக்கு முடிக்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் கிடைக்கும் விலை வியப்பூட்டும். பங்குத்தரகர் செயலிகளில் யூனிட்டின் விலையை மட்டும் பச்சை, சிவப்பு நிறங்களில் பெரிதாகக் காட்டிவிட்டு, ஐஎன்ஏவியை அதன் அருகிலேயே காட்டாமல் விடும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. அந்த எண் நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் வணிக நேரம் முழுவதும் வெளியாகிறது. வாங்கும் பொத்தானுக்கு மேலே அதையும் ஒரு வரியில் காட்டினால், பலர் அந்தப் பொத்தானை அழுத்தமாட்டார்கள்.