கம்பங்காட்டுக்கு ரிப்பனா, பரண் காவலா?

கம்பு பால் பிடித்துவிட்டால் குருவியும் கிளியும் விடிந்ததும் விடியாததுமாக வந்து இறங்கிவிடும். விரட்ட மினுங்கும் ரிப்பன் கட்டலாம். இல்லையென்றால் பரண் போட்டு ஆள் உட்காரலாம்.

ரிப்பன் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளி. கதிருக்குச் சற்று மேலே குச்சிக்குக் குச்சி இழுத்து, இரண்டு மூன்று முறுக்கு விட்டுக் கட்ட வேண்டும். முறுக்கு இருந்தால்தான் காற்றில் படபடத்து, வெயிலைப் பளிச் பளிச்சென்று அடிக்கும், விர்ரென்று இரையும். விறைப்பாகக் கட்டினால் வெறும் நாடாதான். செலவு குறைவு, ஆள் வேண்டாம். ஆனால் காற்று நின்றாலோ மேகம் மூடினாலோ பலிக்காது. அப்புறம், பறவை பழகிவிடும். அதனால் கதிர் வருவதற்கு முன்பே கட்டிவிடாதீர்கள். பால் பிடிக்கும்போது கட்டி, இடையிடையே இடம் மாற்றுங்கள்.

பரணில் இருக்கும் ஆளுக்குப் பறவை அவ்வளவு எளிதில் பழகாது. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்று கிளி விரட்டும் பல கருவிகள் வைத்திருந்தார்கள். இன்று தகரமும் கவணும் போதும். கூலிதான் கட்டுப்படியாகாது.

அரை ஏக்கர், வீட்டில் ஆளும் உண்டு என்றால் பரணே சரி. பெரிய காடென்றால் ரிப்பன் கட்டிவிட்டு, காலையும் மாலையும் தகரத்தோடு ஒரு சுற்று வாருங்கள்.