பழைய விளம்பரத் தாளுக்கு எந்த பைல்? திருகோணமலைக் கடைகளில் கிடைக்கும் மூன்று வகை

மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம் எழுதுபொருள் கடைகளில் கேட்டால் ஏ4 தாள் வைக்கும் கண்ணாடி உறைகள் மூன்று விதமாகக் கிடைக்கும். ஒன்று, உறைகள் முதுகோடு ஒட்டியே வரும் 20 அல்லது 40 உறைக் கிளியர் பைல். அடுத்தது, வளையம் போட்ட பைலில் கோக்கும் தனி உறைகள். மூன்றாவது, சான்றிதழ் வைக்கவென்று விற்கும் தடித்த, மினுங்கும் உறை. பழைய சஞ்சிகை விளம்பரம், சினிமா நோட்டீஸ், திருவிழா அறிவித்தல், ரயில் டிக்கெட் என்று சேர்ப்பவர்களுக்கு முதலாவது போதும். வளைய பைல் நம்முடைய ஊருக்குச் சரிவராது. மினுங்கும் உறையைத் தொடவே வேண்டாம்.

அந்த மினுங்கும் உறை பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அதை வளையச் செய்ய ஒரு எண்ணெய்த்தன்மையான பொருளைக் கலக்கிறார்கள். வெக்கையில் அது மெல்ல வெளியே கசிந்து மையை இளக்கும். சிவப்பு மை நிறைய உள்ள ஒரு பழைய சவர்க்கார விளம்பரத்தைச் சில வருடம் இதில் வைத்துவிட்டு உருவிப் பாருங்கள்: சவர்க்காரக் கட்டியின் சிவப்பு நிறம் பிளாஸ்டிக் உறையின் உட்பக்கத்தில் தலைகீழாகப் பதிந்திருக்கும், தாளில் அதே இடம் வெளிறி, எண்ணெய் பட்டதுபோல் ஊடுதெரியும். போட்டோகொப்பி எழுத்து இன்னும் மோசம், முழுதாக உரிந்து பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பி.வி.சி. சிதையும்போது வெளிவரும் அமிலம் ஏற்கனவே அமிலமேறிய பழைய தாளை மேலும் நொறுங்கவைக்கும்.

பைலின் மட்டையில் என்ன எழுதியிருந்தாலும் உறையைச் சோதித்துப் பார்ப்பதே நல்லது. கடைசி உறையின் ஓரத்தில் விரல்நகம் அளவு வெட்டி எடுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, துண்டை உள்ளே அமுக்கிக் காற்றுக்குமிழியைத் தட்டிவிடுங்கள். மிதந்தால் பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலித்தீன், வாங்கலாம். மூழ்கினால் பி.வி.சி.யாகவும் இருக்கலாம், நூதனசாலைகள் விரும்பிப் பாவிக்கும் பொலியெஸ்டராகவும் இருக்கலாம். மூழ்கியதற்கு இரண்டாவது சோதனை: செப்புக் கம்பி ஒன்றை கேஸ் அடுப்பில் சுவாலையின் நிறம் மாறுவது நிற்கும்வரை காய்ச்சி, சூட்டோடு பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுவாலையில் பிடியுங்கள். பளிச்சென்று பச்சை எழுந்தால் பி.வி.சி. யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல.

வளைய பைலில் உறை நல்லதாகவே இருக்கலாம், பிரச்சினை வளையத்தில்தான். உப்புவெளியிலும் டொக்யாட் வீதியிலும் கடற்காற்று படும் வீடுகளில் மலிவான இரும்பு வளையத்தின் முலாம் பொத்துத் துருப்பிடித்துவிடும். அந்தத் துரு உறையின் துளை வழியாக உள்ளே இறங்கித் தாளின் ஓரத்தைக் கபில நிறமாக்கும். துருக்கறையை வீட்டில் எடுக்க வழியில்லை. முதுகோடு ஒட்டிய கிளியர் பைலில் உலோகமே இல்லை. அது முந்துவதற்கு இதுவே போதும்.

ஆனால் அதுவும் வாங்கியபடியே பாவிக்கக்கூடியதல்ல. பல பைல்களில் ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு கறுப்புத் தாள் இருக்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும், அமிலமும் இருக்கும். எல்லாவற்றையும் உருவி எறியுங்கள். அதற்குப் பதில் 80 கிராம் வெள்ளைப் போட்டோகொப்பி தாள் வையுங்கள். இன்றைய வெள்ளைத் தாள் பெரும்பாலும் சுண்ணக் கலப்புள்ளது, அமிலத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். பிரிஸ்டல் போட் வேண்டாம்.

நொறுங்கிய தாளை நேரே உறைக்குள் தள்ளினால் மூலை மடங்கி முறியும். விளம்பரத்தை வெள்ளைத் தாளின் மேல் கிடத்தி, இரண்டையும் சேர்த்து, தாளின் அடியைப் பிடித்தபடி இறக்குங்கள். ஓர் உறைக்கு ஒரு விளம்பரம்தான். பின்பக்கத்திலும் விளம்பரம் இருந்தால் வெள்ளைத் தாளை விட்டுவிடலாம், இரு பக்கமும் தெரியும். பைலை நிமிர்த்தி வைத்தால் தாள்கள் சரிந்து அடியில் வளையும். படுக்க வைத்து, ஐந்துக்கு மேல் அடுக்காமல் இருங்கள்.

இந்த பைலின் குறை அளவுதான். பத்திரிகை அரைப்பக்க விளம்பரம் இதில் மடியாமல் அடங்காது, மடித்த இடம் சில வருடத்தில் இரண்டாகும். அதற்கு ஏ3 பைல் தேடவேண்டும். 57 மில்லிமீட்டர் நீளமான தடித்த ரயில் அட்டை டிக்கெட்டோ உறையின் அடியில் போய்க் குவியும். வெள்ளைத் தாளில் நான்கு சிறு மூலைப்பிடி கீறி வெட்டி, டிக்கெட்டின் மூலைகளை அவற்றில் செருகினால் நகராது. பசை, செலோடேப் எதுவும் படக்கூடாது.

எப்போது பைலில் போடுவது என்பதும் முக்கியம். மாரியில், கார்த்திகை மார்கழியில், தாள் ஈரத்தைக் குடித்திருக்கும். அப்போது மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்தே பூட்டுகிறீர்கள். ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில், வெயில் நேரே படாத அறையில் ஒரு நாள் விரித்து வைத்துவிட்டு அடுக்குங்கள். பிறகு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். சப்பாத்துப் பெட்டியில் வந்த பொட்டலங்கள் ஏற்கனவே ஈரம் குடித்து முடித்தவை, பிரயோசனமில்லை. நீலம் இளஞ்சிவப்பானால் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் காயவையுங்கள், ஆனால் சமைக்கும் பாத்திரத்தில் அல்ல, நீல வகையில் கோபால்ட் உண்டு.

இராமபாணப் பூச்சி இருந்த கட்டு என்றால் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிர் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கவே கூடாது, திறந்தால் பனித்த ஈரம் தாளில் இறங்கும்.

லமினேட்டிங் செய்துதரும் கடைகள் ஏராளம், விலையும் மலிவு. பழைய தாளுக்கு அது கொள்ளிதான். சூட்டில் உருகும் பசை நாருக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க முடியாது. 1964 டிசம்பர் புயலையும் இடப்பெயர்வுகளையும் 2004 சுனாமியையும் தாண்டி இந்த ஊரில் மிஞ்சிய தாள் மிகக் கொஞ்சம். அதை இப்படி இழப்பது மனதை வருத்துகிறது.

ஒவ்வொரு வெள்ளைத் தாளிலும் சஞ்சிகையின் பெயர், திகதி, பக்கம் மூன்றையும் 2பி பென்சிலால் எழுதுங்கள். எழுதிவிட்டே விளம்பரத்தைக் கிடத்துங்கள், மேலே வைத்து எழுதினால் அழுத்தம் தாளில் பதியும். திகதி கிழிந்துபோயிருந்தால் விலையைப் பாருங்கள். இந்திய சஞ்சிகையில் அணா என்றிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். உள்ளூர் விளம்பரத்தின் விலாசத்தில் ‘சிலோன்’ என்றிருப்பது 1972க்கு முந்தியதென்று காட்டலாம், ஆனால் கம்பனிப் பெயரில் அந்தச் சொல் இன்றும் தொடர்வதால் விலாசத்தை மட்டும் பாருங்கள். தும்பிக்கை வைத்த பழைய ‘லை’ எழுத்து தமிழ்நாட்டு அச்சில் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தியதைக் காட்டும். நம்முடைய அச்சகங்களில் அது பிறகும் நீடித்தது, அதை வைத்து இலங்கைத் தாளுக்கு ஆண்டு போடாதீர்கள்.