நிழலும் மண்ணும் சாணவண்டும்: வால்பாறைக் காப்பித் தோட்ட விடுதி ஒன்றின் வண்டு நடை

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குச் செல்வோர் பெரும்பாலும் சோலைமந்தியையும் இருவாச்சியையும் காணும் ஆவலில் மரங்களை அண்ணாந்து பார்த்தபடியே திரும்பிவிடுகின்றனர். காலடியில் கிடக்கும் சாணத்தையும் அதை நாடி வரும் சாணவண்டுகளையும் குனிந்து பார்க்கச் சொல்லும் நடை ஒன்றை அங்குள்ள காப்பித் தோட்ட விடுதி நடத்துவதாகக் கேள்விப்பட்டு, அக்டோபர் இறுதியில் இரண்டு நாள் தங்கி அதில் கலந்துகொண்டேன். கட்டணம் ஒருவருக்கு 800 ரூபாய். தங்கும் செலவு தனி.

முதல் நாள் மாலை பொறிகளை வைப்பதில்தான் நடை தொடங்குகிறது. விளிம்பு தரைமட்டத்தோடு பொருந்துமாறு ஒரு பிளாஸ்டிக் குவளையைப் புதைத்து, அதன் வாய்க்கு மேலே கம்பி வலைத் துண்டில் மாட்டுச் சாணத்தை வைத்து, மழைநீர் விழாதிருக்க ஒரு தட்டைக் குச்சிகளின் மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். ஆய்வாளர்களின் பொறிகளில் சோப்பு நீர் இருக்கும். இங்கே ஈரமண் மட்டுமே இருப்பதால் மறுநாள் வண்டுகளை உயிரோடு விட்டுவிட முடிகிறது. பலா, அத்தி, ஈட்டி போன்ற நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காப்பிக்குள் ஒரு வரிசை, அயல்நாட்டு மரமான சில்வர் ஓக் மட்டுமே நிற்கும் பகுதியில் ஒரு வரிசை, நிழலே இல்லாத தேயிலைச் சரிவில் ஒரு வரிசை எனப் பொறிகளை மூன்று இடங்களில் வைப்பதே இந்தச் சேவையின் உயிர்நாடி. வண்டை மட்டும் காட்டி அனுப்பியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை குவளைகளைத் திறந்தபோது வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. நாட்டு மர நிழலில் உருவத்தாலும் நிறத்தாலும் வேறுபட்ட பல வண்டுகள் இருந்தன. தேயிலைச் சரிவிலோ எண்ணிக்கை மோசமில்லை என்றாலும், ஏறத்தாழ எல்லாமே ஒரே மாதிரியான சிறிய வண்டுகளாக இருந்தன. வழிகாட்டி இதற்கு உடனே விளக்கம் சொல்லாமல், இரண்டு இடங்களிலும் மண்ணை விரலால் தோண்டிப் பார்க்கச் சொன்னார். நிழலில் சருகுக்கு அடியில் மண் குளிர்ந்து பொலபொலவென்று இருந்தது. சரிவில் மேல்மண் வெயிலில் இறுகிக் கிடந்தது. சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் அங்கே முட்டையிடும் வண்டுக்கு இறுகிய மண் மூடிய கதவைப் போன்றது. வெயிலில் சாணமும் விரைவில் காய்ந்து ஓடாகிவிடுகிறது. முதிர்ந்த வண்டு உறிஞ்சி வாழ்வது சாணத்தின் ஈரப் பகுதியை என்பதால், அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. காட்டு நிழலுக்குப் பழகிய இனங்கள் விலகிப்போக, வெயிலைத் தாங்கும் சில இனங்கள் மட்டும் பெருகுவது இப்படித்தான். வெப்பமண்டலத் தோட்டங்கள் பலவற்றில் காணப்பட்டுள்ள இந்தப் போக்கை என் கைவிரலாலேயே உணர முடிந்தது எனக்குப் பெரும் நிறைவு.

உருட்டிச் செல்வன, சாணத்துக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டுவன, சாணத்துக்குள்ளேயே குடியிருப்பன என்ற மூன்று வகை வாழ்க்கையையும் வழிகாட்டி தெளிவாக விளக்கினார். நீண்ட பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளியபடி தலைகீழாகப் பின்னோக்கிச் செல்லும் சிசிபஸ் வண்டு ஒன்றைக் கால் மணி நேரம் தொடர்ந்து பார்த்தோம். யானைச் சாணத்தை நாடும் ஹெலியோகோப்ரிஸ் என்னும் பெரிய சாணவண்டு மண்ணுக்கடியில் செய்யும் பெரிய உருண்டைகளைப் பழைய பீரங்கிக் குண்டுகள் என்று முன்பு தவறாக எண்ணினார்கள் என்ற செய்தியையும் அவர் சொன்னார். யானையும் காட்டுமாடும் தோட்டத்தின் வழியாக நடந்துபோவதால்தான் அத்தகைய பெரிய வண்டுக்கு இங்கே வாழ்வு இருக்கிறது. அந்த வழிகளை வேலியிட்டு மறித்தால் நிழலும் மண்ணும் நன்றாக இருந்தும் பயனில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரவு பெய்த மழையில் ஒரு குவளைக்குள் நீர் தேங்கி நான்கு வண்டுகள் இறந்திருந்தன. குவளையின் அடியில் சில துளைகள் இட்டிருந்தால் அவை பிழைத்திருக்கும். உயிரோடு விடுவோம் என்று உறுதி கூறும் சேவையில் இதை அலட்சியம் என்றே கருதுகிறேன். கையில் தந்த படத்தாளில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்க இனங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றுகூட இல்லாததால், சிறிய வண்டுகளையெல்லாம் ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். உலகெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஆந்தோபேகஸ் என்னும் சாணவண்டுப் பேரினத்தில், கொம்பின் வடிவத்தையும் முதுகின் புள்ளிகளையும் அருகில் பார்க்காமல் எதையும் பிரித்தறிய இயலாது.

இவற்றைவிட முக்கியமானது பொறியில் வைக்கும் சாணம். அது எந்த மாட்டினுடையது, அந்த மாட்டுக்கு அண்மையில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தார்களா என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஐவர்மெக்டின் என்னும் குடற்புழு நீக்க மருந்தைக் கொடுத்த மாட்டின் சாணத்தில் அம்மருந்து கலந்து வெளியேறி, அதில் வளரும் வண்டுப் புழுக்களைக் கொல்கிறது. முதிர்ந்த வண்டுகள் அந்தச் சாணத்துக்கும் வரும் என்பதால், பொறியில் எண்ணிக்கை நிறைந்திருக்கும். அடுத்த தலைமுறை மட்டும் மண்ணிலிருந்து வெளிவராது. வண்டுகளுக்காக நிழல் மரங்களைக் காக்கும் தோட்டம் இதைக் கேட்டறிவது அவசியம். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; பொறுமையாகப் படித்துவிட்டு, தொழிலாளர் குடியிருப்பில் மாடு வளர்ப்போரிடம் விசாரிப்பதாகக் கூறினார்கள்.

செல்ல விரும்புவோர் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலையைத் தவிர்ப்பது நல்லது. சாணம் கரைந்தோடிவிடும், அட்டைத் தொல்லையும் மிகுதி. பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியை நீங்களே கொண்டுசெல்லுங்கள்.