8.8.8.8 போட்டால் மறைந்துவிடுமா? பிரவுசர் டிஎன்எஸ், ஓர் ஒப்பீடு

தோட்டத்தில் இருந்த காலத்தில் ஊரிலிருந்து வரும் கடிதம் நேரே லயத்துக்கு வராது. ஆபீசுக்கு வரும், அங்கிருக்கும் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, கூப்பிட்டுக் கொடுப்பார். உறையைக் கிழிக்க மாட்டார், அந்த மரியாதை இருந்தது. ஆனால் எந்த வீட்டுக்கு எங்கிருந்து, மாதம் எத்தனை கடிதம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்குத் தெரிந்தது பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவுக்கும் தெரிந்திருக்கும்.

இணையத்தில் அந்தக் கிராணியின் மேசை டிஎன்எஸ். நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்ததும், அதற்கு எந்த ஐபி எண், அதாவது இணையத்தில் அதன் முகவரி எது, என்று பிரவுசர் போய்க் கேட்கும் இடம். 1983இல் வகுத்த முறை. மறைத்துக் கேட்க வேண்டும் என்ற யோசனையே அதில் இல்லை. பக்கத்தின் உள்ளடக்கம் இன்று வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டோடுதான் போகிறது, ஆனால் 'இந்தத் தளம் எங்கே?' என்ற கேள்வி மட்டும் 53ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் உள்ள வாசல் எண்) திறந்த அஞ்சலட்டையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, செக்யூர் டிஎன்எஸ்னு ஒன்னு காட்டுதே, போடலாமா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். போடலாம். எதை, எங்கே போடுவது என்பதில்தான் கதை இருக்கிறது.

முதல் வழி, எதையும் தொடாமல் விடுவது. கேள்வி முழுவதும் இணையச் சேவை நிறுவனத்துக்குப் போகும். வேகத்தில் குறை சொல்ல முடியாது, எதுவும் உடையாது. கிராணி மட்டும் பழைய கிராணியேதான்.

இரண்டாவது, நம் ஊரில் பலரும் செய்திருப்பது: ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணைக் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்று மாற்றுவது. நானும் பல வருடம் இதைச் செய்துவிட்டு மறைவாக இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தவன்தான். எண் மாறினாலும் அஞ்சலட்டை அஞ்சலட்டைதான். வழியில் இருப்பவர் படிக்கலாம், வேண்டுமென்றால் வேறு மேசைக்கும் திருப்பிவிடலாம். 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதைத்தான் செய்யச் சொன்னது. வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போகும் கேள்விகளைச் சேவை நிறுவனங்கள் தங்கள் டிஎன்எஸ்ஸுக்கே திருப்ப வேண்டும் என்றது. தீங்கான தளங்களிலிருந்து பாதுகாப்பு என்பது சொன்ன காரணம். எதிர்ப்பு கிளம்பியது, செப்டம்பர் 8ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் கேட்டுக்கொண்டதாக அறிவித்தார். திருப்பிவிட்டால் பூட்டில்லாத டிஎன்எஸ் பயன்படுத்துபவருக்கு அது தெரியவே தெரியாது. பழைய வழிக்குத் திரும்பாதபடி பூட்டிய டிஎன்எஸ் என்றால், எதிரே இருப்பவர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் நாம் கேட்ட சேவையின் பெயரோடு பொருந்தாது, இணைப்பே நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் ஏமாறவில்லை என்றாவது தெரியும்.

மூன்றாவது, பிரவுசரிலேயே பூட்டுவது. டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் என்பார்கள், அதாவது பூட்டிய இணையப் பக்கங்கள் போகும் அதே வழியில் கேட்பது. 2018இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. கேள்வி மற்ற இணையப் போக்குவரத்தோடு கலந்து 443ஆம் போர்ட்டில் போகிறது, தனியாகப் பிரித்தெடுப்பது கடினம். இங்கே குரோமையும் ஃபயர்ஃபாக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குரோம் 2020லிருந்தே இதைத் தானாக முயல்கிறது, ஆனால் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் டிஎன்எஸ் பூட்டுக்கு ஒத்துழைத்தால் மட்டும். இல்லாவிட்டால் சத்தம் போடாமல் அஞ்சலட்டைக்குத் திரும்பிவிடும். அமைப்புக்குள் போய் ஒரு சேவையைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தால் அப்படித் திரும்பாது. பலருக்கும் இந்த வித்தியாசம் தெரியாமல், பொத்தான் நீலமாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் இதை ஒளிக்காமல் படிகளாகவே காட்டுகிறது. இயல்புப் படியில், வலையமைப்பு 'வேண்டாம்' என்று சைகை காட்டினால் பின்வாங்கும். அடுத்த படியில், பூட்டு வேலை செய்யாதபோது மட்டும் பழைய வழிக்குப் போகும். உச்சப் படியில், நம்மைக் கேட்காமல் பழைய வழிக்குப் போகவே போகாது, பிழைப் பக்கம் காட்டும். அதோடு, ஃபயர்ஃபாக்ஸ் பட்டியலில் இடம்பெறும் சேவைகள் பதிவுகளை 24 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை, விற்பதில்லை என்று ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லாவிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு, நடுப்படிக்கு.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த ஊரில் பிரவுசரை யார் அவ்வளவு திறக்கிறார்கள்? வாட்ஸ்அப், டிக்டாக், வங்கி ஆப், பிள்ளைகளின் விளையாட்டு, எல்லாமே தனித்தனி ஆப். பிரவுசரில் போட்ட பூட்டு அவற்றை எட்டாது. அதற்கு ஆண்ட்ராய்டு 9லிருந்து உள்ள பிரைவேட் டிஎன்எஸ்தான் சரி. கைப்பேசி முழுவதற்கும் ஒரே பூட்டு. அது வேறு முறை, பெரும்பாலும் 853ஆம் போர்ட்டில் தனியாகப் போகும். தனிப் போர்ட் என்பதால் தடுப்பதும் சுலபம். சேவையின் பெயரை எழுதி வைத்திருந்தால், தடுக்கும் வைஃபையில் இணையமே வராது. 'தானாக' என்று விட்டால் முடிந்தபோது பூட்டும், முடியாதபோது விட்டுவிடும். ஐஃபோனில் 2020லிருந்து உண்டு, ஆனால் ஒரு சுயவிவரக் கோப்போ ஆப்போ நிறுவ வேண்டும்.

அப்புறம், யாரிடம் கொடுப்பது? பூட்டு போட்டாலும் மறுமுனையில் திறந்து படிக்க ஒருவர் வேண்டுமே. சேவை நிறுவனம் பார்த்ததை இனி கூகுளோ கிளவுட்ஃபிளேரோ குவாட்9ஓ பார்க்கும். நம் தேடல், மின்னஞ்சல், வரைபடம் எல்லாம் ஏற்கெனவே கூகுளிடம் இருக்கும்போது இதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்ட எனக்கு மனமில்லை. குவாட்9 லாப நோக்கமில்லாதது, 2021இல் சுவிட்சர்லாந்துக்குப் போனது, மோசடித் தளங்களைத் தானே தடுக்கிறது. போலி வங்கி இணைப்புகள் குறுஞ்செய்தியில் வந்து குவியும் இந்தக் காலத்தில் எனக்கு அதுதான் பெரிய காரணம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 நல்லது, ஆபாசத் தளங்களையும் சேர்த்து நிறுத்தும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இத்தனை செய்தாலும், தளத்தோடு கைகுலுக்கும்போது அதன் பெயரைப் பிரவுசர் பெரும்பாலும் வெளிப்படையாகவே சொல்கிறது. அதையும் மறைக்கும் முறையை ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2023இல் கொண்டுவந்தன, ஆனால் தளமும் ஒத்துழைத்தால்தான். டிஎன்எஸ் கேள்வி அஞ்சலட்டையாகவே போனால் இங்கே பெயரை மறைத்தும் பயனில்லை. பூட்டைப் போட்டு வைக்க அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் பக்கத்து வரிசை அக்கா ஒருவரின் கைப்பேசியில் குவாட்9 போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் வைஃபையில் ஒன்றும் வரவில்லை. நேரே கடைக்கு வந்து, "தம்பி, நல்லாத்தானே இருந்துச்சு, என்னமோ பண்ணிட்டியே!" என்றார். 'தானாக' என்று எப்படி மாற்றுவது, வீட்டுக்கு வந்ததும் எப்படித் திருப்பிப் போடுவது என்று மூன்று வரியில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை மடித்துக் கைப்பேசிக் கவருக்குள் வைத்திருக்கிறார். இப்போது மற்றவர்களுக்கு அவரே மாற்றிக் கொடுக்கிறார்.