இயர்போனா, ஸ்பீக்கரா?

ஞாயிறு தவறாமல் அக்கா துபாயிலிருந்து கூப்பிடுவாள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பேசி முடித்ததும் தொட்டுப் பார்த்தால் காது மடல் சுடும், வலிக்கும். போனின் சூடு பாதிக் காரணம். அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கியது மீதி. கழுத்துவலி இலவசம்.

முதலில் ரப்பர் முனை வைத்த இயர்போனுக்கு மாறினேன். மடலில் அழுத்தம் இல்லை, கையும் சும்மா இருந்தது. ஆனால் காதுத் துவாரத்தை அடைத்துவிடுவதால் நம் குரலே பானைக்குள் பேசுவதுபோல் முழங்கும். வியர்வை உள்ளேயே தங்கி அரிக்கும். குறும்பி வேறு உள்ளே தள்ளப்படும். எல்லாவற்றையும்விட, பஸ் இரைச்சலை மிஞ்சச் சத்தத்தைக் கூட்டுகிறோமே, அதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான்.

ஸ்பீக்கரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை; காதை எதுவும் தொடுவதே இல்லையே! ஒரே குறை, வீட்டுக் கதை பக்கத்து வீடு வரை போகும். "யாருடி பக்கத்துல?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா மாமியார் விஷயத்தையே தொடங்குவாள்.

என் ஓட்டு வீட்டில் ஸ்பீக்கருக்கே. வெளியே இயர்போன், சரி. ஆனால் முனையைத் துடைத்துவிட்டு, அவ்வப்போது கழற்றிக் காற்றாட விட்டு. பஸ்ஸில் என்றால் "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிடுவேன். வலியோ அடைப்போ நீடித்தால் பஞ்சு பட்ஸ் விட்டுக் குடையாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.