சவண்டலைப் பிடி போட்ட சவரக்கத்தி: திருகோணமலைக் கடற்காற்றில் சில வருடங்கள்

பழைய மடக்குச் சவரக்கத்தியைப் புதுப்பிப்பவர்கள் அலகைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கடலோர ஊரில் இருக்கிற எனக்குப் பிடியும் அதே அளவு முக்கியம். அம்மப்பாவின் கத்திக்குக் கையாலேயே இரண்டு பிடிகள் செய்து, நாலைந்து வருடமாகப் பாவித்து வருகிறேன். முதலில் கருங்காலி மரத்தில், அதன்பின் சவண்டலை மரத்தில். தினமும் கையில் எடுக்கிற கத்திக்குச் சவண்டலைதான் என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

கத்தி இங்கிலாந்தின் ஷெபீல்டில் செய்தது, கார்பன் ஸ்டீல் அலகு. பழைய பிடி செல்லுலாய்ட் என்கிற அந்தக் காலப் பிளாஸ்டிக். அது வயதாகிச் சிதையும்போது அமிலத்தன்மையுள்ள வாயுவை விடும், அந்த வாயு பட்டு அலகு துருப்பிடிக்கும். மடக்கி வைத்தால் பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு படர்ந்திருந்தால் பிடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எவ்வளவு அழகான பிடியானாலும் கழற்றிவிடுங்கள்.

கருங்காலித் துண்டு ஓர் உடைந்த கதிரைக் காலிலிருந்து கிடைத்தது. தேய்க்கத் தேய்க்கப் பொலிஷ் இல்லாமலே பளபளக்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் தண்ணீரில் போட்டால் தாழ்கிற மரம் அது. பிடி கனத்ததால் தாடைக்குக் கீழே மழிக்கும்போது கத்தியின் வால் பக்கம் கையை இழுத்தது. வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில், அலகு மடங்கித் திரும்புகிற ஆணியின் துளையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பும் ஓடியது. கடினமான மரம், ஆனால் வளைந்து கொடுக்காது.

சவண்டலை வேறு மாதிரி. சிங்களத்தில் ஹல்மில்ல என்பது இதுதான். ஆங்கிலேயரின் மர வணிகத்தில் இதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலா படகுகளுக்கு இந்த மரம் போனது. தென்னஞ்சாராயம் முதிர வைக்கும் பீப்பாக்களிலும் இதைத்தான் காணலாம். இழை நேராக ஓடும், நனைந்து காய்ந்து பழகிய மரம். சவரக்கத்திப் பிடி என்பது இரண்டு மெல்லிய பலகைகள், வால் பக்கத்தில் அவற்றுக்கு இடையே ஓர் ஆப்பு. அந்த ஆப்பால் பலகைகள் லேசாக வில் போல வளைந்து நிற்க வேண்டும். அந்த வளைவைச் சவண்டலை முனகாமல் ஏற்றுக்கொள்கிறது.

பலகை ஒவ்வொன்றும் சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பு, இழை நீளவாக்கில். இரண்டையும் இருபக்க டேப்பால் ஒட்டி ஒன்றாகவே துளையிடுங்கள், தனித்தனியாகத் துளைத்தால் அலகு சரிந்து மூடும். ஆணிக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, இரு முனையிலும் சிறிய வாசர். வாசருக்கு மேலே சுமார் 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, குமிழ்த்தலைச் சுத்தியலால் முனை பரந்து வாசரைப் பிடிக்கும்வரை மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் கம்பி துளைக்குள்ளேயே வளைந்துவிடும், பொறுமைதான் இங்கே முழு வேலையும். ஆப்பை மிஞ்சிய கருங்காலியில் செய்தேன், செம்மண்நிற மரத்துக்கு நடுவே அந்தக் கறுப்புக் கோடு எனக்கு மிகவும் பிடிக்கும். மடக்கும்போது அலகின் விளிம்பு எந்தப் பலகையிலும் படாமல் நடுவில் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கடைசி ஆணியை இறுக்குங்கள்.

பிரெஞ் பொலிஷ் எனும் அரக்குப் பூச்சு வேண்டாம், ஈரம் பட்டால் வெளுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியில் காயப் போடுங்கள்.

குறையும் உண்டு. ஆரம்பத்தில் ஈரம் பட்டு இழை கொஞ்சம் எழுந்தது, 600 நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்து மறுபடி எண்ணெய் போட்டதும் சரியாகிவிட்டது. கருங்காலியின் மினுக்கம் இதில் வராது. மாரி தொடங்குமுன் ஒரு பூச்சு போடுகிறேன். மழித்து முடித்ததும் அலகோடு ஆணிப் பகுதியையும் துடைத்து, அங்கே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன், தண்ணீர் ஒளிந்திருப்பது அங்கேதான். கத்தியைக் குளியலறையில் வைப்பதே இல்லை.

மரம் தேடிக் காடு போக வேண்டாம். மரக்காலையில் கதவு நிலை அறுத்த கழிவைக் கேளுங்கள். முடிச்சில்லாத, நன்றாகக் காய்ந்த ஓர் அடித் துண்டு போதும். இரண்டு பலகையையும் அருகருகே அறுத்தெடுத்தால் இழையும் ஒத்துப்போகும்.