நானே குடைந்த 12ஏ: ஐந்து வருடம், 38,000 கிலோமீட்டர்

போன மாதம் என் 1984 மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் 12ஏ ரோட்டரி எஞ்சினை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் எஞ்சின்) மறுபடி இறக்க வேண்டி வந்தது. கூலன்ட்டை எஞ்சினுக்குள் கசியாமல் தடுக்கும் வாட்டர் சீல் போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, கூலன்ட் பாட்டிலில் குமிழி. ரோட்டரி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வியாதிதான். பாகங்களெல்லாம் கராஜ் தரையில் பரப்பிக் கிடந்த சமயம் பார்த்து, சமீபத்தில் இதே காரின் முந்தைய மாடலான சீரிஸ் 2 வாங்கிய நண்பன் போன் செய்தான். "அண்ணா, போர்ட்டிங் வீட்டிலேயே செய்யலாமா? நீங்க செஞ்சீங்கல்ல?"

போர்ட்டிங் என்றால் காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுக்குள் வரும் துவாரங்களைக் (போர்ட்) குடைந்து பெரிதாக்குவது. செய்தேன். நேரில் வந்து பார் என்றேன்.

ஐந்து வருடத்துக்கு முன் நான் செய்தது சாதாரண ஸ்ட்ரீட் போர்ட், துவாரத்தை மிதமாகப் பெரிதாக்குவது. சிட்னி டிராஃபிக்கில் தினமும் ஓட்டும் காருக்கு ரேஸ் கார்களுக்கான பிரிட்ஜ் போர்ட் வேண்டாம் என்கிற அளவுக்கு அறிவு அப்போதே இருந்தது. கார்பரேட்டர் பழைய நான்கு பேரல்தான், ஜெட் மட்டும் பெரிது. அதோடு எக்ஸாஸ்டை மாற்றினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரில் சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னால் கத்தும் பஸர் ஒன்று உண்டு. ஸ்டாக் எஞ்சினில் அது கத்துவதற்கு முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் சத்தம்தான் ஏறும், வேகம் ஏறாது. இப்போது 4,500-இல் ஏதோ கதவு திறந்த மாதிரி இழுக்கிறது, பஸர் கத்தும்போது "அதற்குள்ளாகவா?" என்று தோன்றுகிறது. ஐந்து வருடமாகியும் அந்தச் சிரிப்பு போகவில்லை. நகரத்துக்குள் 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடித்தது இப்போது 16 குடிக்கிறது. அதைக்கூட மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது ஐடில், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் வேகம். 750-இல் நின்ற எஞ்சின் இப்போது 1,100-க்குக் கீழே நிற்காது. அதுகூடப் பரவாயில்லை, ஆனால் சீராக நிற்காது. இரண்டு துடிப்பு ஒழுங்காக வரும், மூன்றாவது நொண்டும். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர்கள் அதை ரேஸ் கார் சத்தம் என்று நினைத்துக் கட்டை விரலை உயர்த்துவார்கள். எனக்கு மட்டும் எரிச்சலாக இருக்கும். இதற்காக கார்பரேட்டரை இரண்டு முறை பிரித்துப் பூட்டினேன், ஜெட் மூன்று செட் மாற்றினேன், இல்லாத வேக்குவம் லீக்கைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

எஞ்சினைப் பிரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பிரிப்பதற்கு முன் பார்த்த கம்ப்ரஷன் (ரோட்டர் கலவையை அழுத்தும் அழுத்தம், கிலோ/ச.செ.மீ. கணக்கில்): முன் ரோட்டர் 7.2, பின் ரோட்டர் 6.4. இரண்டும் 6-க்கு மேல்தான், தேறிவிடும். ஆனால் ரோட்டரின் பக்கத்தை மூடும், போர்ட் உள்ள பின் பிளேட்டின் மேல் டெம்ப்ளேட்டை (எதுவரை குடையலாம் என்று காட்டும் அச்சு) வைத்தபோது, போர்ட்டின் மேல் விளிம்பு கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் போயிருந்தது. கலவை உள்ளே வரும் வழி (இன்டேக்) மூடும் நேரத்தை முடிவு செய்வது அந்த விளிம்புதான். தாமதமாக மூடினால் குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போகும். முன் ரோட்டர் ஒரு மாதிரி, பின் ரோட்டர் ஒரு மாதிரி மூச்சு விட்டால் எந்த ஜெட் சரி செய்யும்? பாவம், அந்தக் கார்பரேட்டரை எவ்வளவு திட்டியிருப்பேன்.

எப்படி நடந்தது என்பதும் நினைவிருக்கிறது. முன் பிளேட்டை சனிக்கிழமை காலையில் செய்தேன். ரோட்டரில், கசிவைத் தடுக்கும் கார்னர் சீலையும் (மூலையில்) சைட் சீலையும் (பக்கத்தில்) மாட்டி, பிளேட் மேல் வைத்துச் சுற்றி, அவை போகும் பாதையை மையில் கீறி, பொறுமையாகக் குடைந்தேன். வெளியே அதிகம் போனால் கார்னர் சீலுக்குத் தாங்கல் இல்லாமல் போர்ட்டுக்குள் இறங்கும். உள்ளே போனால் ஆயில் ரிங் ஓடும் பாதையைத் தொட்டு எண்ணெய் எரியும். ஆழமாகக் குடைந்தால் தண்ணீர் அறை ஓட்டையாகும். இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். பின் பிளேட்டைத் தொடும்போது இரவு 11 மணி. வீட்டு கம்ப்ரஸர் இரண்டு நிமிடம் ஓடினால் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கும். காற்றில் ஓடும் டை கிரைண்டர் தயங்க, நான் அழுத்த, திடீரென்று காற்று வந்ததும் அதன் வெட்டும் முனையான பர் ஒரு தாவு தாவியது. வார்ப்பிரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. விளிம்பை மழுக்குவதையும் அன்று அரைகுறையாக விட்டேன் போல, அந்தப் பக்க சைட் சீலில் சின்னச் சின்னக் கடிகள் இருந்தன. 0.8 வித்தியாசத்தில் சீலின் பங்கு எவ்வளவு, விளிம்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டும் என் கைவேலைதான்.

ரோட்டர் சுழலும் கூடான ரோட்டர் ஹவுசிங்கின் உள்சுவர் குரோம் மட்டும் பளிச்சென்று இருந்தது. 1967-இல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ விற்பனைக்கு வருவதற்கு முன் மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யாமமோட்டோவின் 47 பேர் குழு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய பிசாசு நகக்கீறல் (சீல் அதிர்ந்து சுவரில் விழும் வரிகள்) ஒன்றுகூட இல்லை. அவர்கள் வேலை சுத்தம்.

ஆகவே நண்பனிடம் தெளிவாகவே சொன்னேன்: செய்யாதே. ஓடுகிற எஞ்சினை இதற்காகத் திறக்கவே திறக்காதே. வேறு காரணத்துக்குத் திறந்திருந்தால், பிளேட்டை நாலு பேருக்குச் செய்து கொடுத்துப் பழகிய கையிடம் கொடு. கம்ப்ரஸர், பர், மாஸ்க், ஃப்ளைவீல் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் என்று கணக்குப் போட்டால் வீட்டில் செய்வதில் பெரிதாக மிச்சமும் இல்லை.

அவன் தலையாட்டிக்கொண்டே அலமாரியைப் பார்த்தான். போர்ட் செய்யாத பின் பிளேட் ஒன்று, பழைய மார்க்கெட்டில் வாங்கியது, அங்கே இருந்தது. "அப்போ இதைப் போட்டுடப் போறீங்களா?"

அப்படித்தான் வாங்கினேன். ஆனால் அந்த பஸர் சத்தம் மனசை விட்டுப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை, வாடகைக்கு எடுத்த பெரிய கம்ப்ரஸரோடு, அவன் வேக்குவம் க்ளீனர் குழாயைப் பிடித்துக்கொள்ள, முன் பிளேட்டை 2 மில்லிமீட்டர் மேலே ஏற்றினேன். பின்புறத்துக்குச் சமம். விளிம்புகளை இந்த முறை நகத்தால் தடவிப் பார்த்து மழுக்கினேன். புது சைட் சீல், புது வாட்டர் சீல்.

இப்போது ஐடில் 1,200. இரண்டு ரோட்டரும் ஒரே மாதிரி உறுமுகின்றன. கிளம்பும்போது நண்பன் டெம்ப்ளேட்டைக் கேட்டான். கொடுத்தேன்.